அங்கோர் சீட்டில் இரண்டு டாலர்

2018 ஜனவரியில் நானும் என் மனைவியும் கம்போடியா போயிருந்தோம். சியெம் ரீப் நகரில் இறங்கிய அன்று மாலையே, டுக்-டுக் ஓட்டுநர் எங்களை அங்கோர் டிக்கெட் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். மாலை 5 மணிக்கு மேல் வாங்கினால் மறுநாள் தேதி போட்டுத் தருவார்கள். அன்றைய சூரிய அஸ்தமனத்தையும் அதே சீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அங்கோர்வாட் ஒரு கோயில்தான். ஆனால் அதைச் சுற்றி ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டரில் ஏராளமான கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டாம். ஒரே சீட்டு போதும். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் விலையைக் கூட்டியிருந்தார்கள். அதற்கு முன் 20, 40, 60 ஆக இருந்தது. கவுண்டரிலேயே நம்மைப் படம் பிடித்துச் சீட்டில் அச்சடித்து விடுவதால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

மூன்று நாள் சீட்டாக இரண்டு வாங்கினோம். இருவருக்கும் 124 டாலர், நம் பணத்தில் கிட்டத்தட்ட 8,000 ரூபாய். மனைவிக்கு மனசு ஆறவில்லை.

"கோயிலுக்குள்ள போறதுக்கு எட்டாயிரமா? நம்ம தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல யாருங்க டிக்கெட் கேக்கறாங்க?"

நானும் பென்ஷன்காரன்தானே, பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை ஊரிலிருந்து அங்கோர்வாட் போகும் வழியில், ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி, "உங்கள் சீட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு டாலர் இங்கே வருகிறது. இங்கே குழந்தைகளுக்கு வைத்தியம் இலவசம்" என்றார்.

அது காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளில் ஒன்று. மன்னர் சிஹானூக்கின் மகள் காந்தா போபா சின்னஞ்சிறு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவள் பெயரில் தலைநகர் புனோம் பென்னில் எழுந்ததே முதல் மருத்துவமனை. பீட் ரிச்னர் என்ற சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் 1974-ல் அங்கே வேலைக்கு வந்தார். 1975-ல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடிக்கவே வெளியேற நேர்ந்தது. ஊரெல்லாம் பாழாய்ப் போன பிறகு, மன்னரின் வேண்டுகோளை ஏற்றுத் திரும்பி வந்து, 1992-ல் அதை மறுபடியும் திறந்தார். சியெம் ரீப் மருத்துவமனை 1999-ல் வந்தது. ரிச்னர் செல்லோ வாசிப்பவர். சனிக்கிழமை மாலைகளில் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வாசித்துக் காட்டி, இளைஞர்களிடம் இரத்தமும் முதியவர்களிடம் பணமும் கேட்பாராம். நாங்கள் போன சமயம் அவர் உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பிவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

அந்த மருத்துவமனையின் பெயர் ஏழாம் ஜெயவர்மன். ஏன் அந்தப் பெயர் என்பது, பெரிய பெரிய மரங்களின் வேர்கள் சுவர்களைக் கவ்விப் பிடித்திருக்கும் தா புரோம் கோயிலில்தான் எனக்கு விளங்கியது. தன் தாயின் நினைவாக ஏழாம் ஜெயவர்மன் 1186-ல் எழுப்பிய கோயில் அது. அங்கே கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டை ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1906-ல் பதிப்பித்தார். நாடு முழுவதும் 102 ஆதுர சாலைகள் இருந்தன என்றும், அவற்றுக்கு வேண்டியதைக் கொடுக்க 838 கிராமங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன என்றும் அது சொல்கிறது. மன்னனின் இன்னொரு கல்வெட்டு, தன் நோயைவிடக் குடிமக்களின் நோயே அவனை அதிகம் வருத்தியது என்கிறது.

அந்த ஆதுர சாலைகள் மரக் கட்டடங்கள், மண்ணோடு மண்ணாகிவிட்டன. அவற்றை ஒட்டிக் கல்லால் கட்டிய சிறு கோயில்கள் மட்டும் சில நிற்கின்றன. தா கேவ் கோயிலுக்கு அருகே சாலையோரத்தில் ஒன்றைப் பார்க்கலாம். அதைக் காண யாரும் நிற்பதில்லை. நாங்கள் நின்றோம்.

மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. 1984-ல் எங்கள் மகன் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தபோது, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வாங்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதை நினைத்திருப்பாள். பிறகு, "சரி, அந்த எட்டாயிரத்தை இனிமே கணக்குப் பாக்க வேண்டாம்" என்றாள்.

அன்று 838 கிராமங்கள் கொடுத்தன. இன்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு டாலர் கொடுக்கிறார்கள். பாதிப்பேருக்குத் தாங்கள் கொடுப்பதே தெரியாது.

போக நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். உபயோகித்த நாளுக்கு மட்டும் சீட்டில் துளை போடுவார்கள். நடுவில் ஒருநாள் முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள். குலேன் மலைக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும்.

துளை போட்ட எங்கள் இரண்டு சீட்டுகளும் பூஜை அலமாரி இழுப்பறையில் இருக்கின்றன. அங்கே வைத்தது நானல்ல.