ஆங்கில வகுப்பும் இல்லமும்

உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டு ஆங்கில வகுப்பில் தம் மக்களைச் சேர்க்கும் பெற்றோர், "எங்களுக்கோ ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது?" என வினவுவதுண்டு. அவர்கட்கு நாம் எடுத்துரைக்கும் வரலாறு ஒன்றுண்டு.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி, இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறையே அக்குடும்பத்தின் இல்லம். ஆங்கிலத்தை மகனுக்குத் தாமே பயிற்றுவித்தார். நூல் வாங்கப் பணமில்லாதபோது, மணமான மகளிரின் நகைகளைப் பெற்று அடகு வைத்தார். பின்னிரவில் இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவும் வைத்தார். 1907ஆம் ஆண்டில் அம்மகன் மெட்ரிகுலேஷன் தேறினார்.

எல்லாப் பெற்றோரும் இராம்ஜியைப் போல் ஆங்கிலம் அறிந்தவரல்லர். ஆயினும், விளக்கொளியும், ஓசையற்ற ஒரு மணி நேரமும், "இன்று என்ன படித்தாய்?" என்னும் கேள்வியும் எழுத்தறியாதாரும் தரத்தக்கவையே. பாதி வகுப்பைப் பள்ளியில் நாம் நடத்துகிறோம். மறுபாதி இல்லந்தோறும் நடைபெறல் வேண்டும்.