பாட்டும் பண்ணும் யாருக்கு உரியன?

‘இத்தேவாரத்தைப் பாடியவர் யார்?’ என்று சைவசமய வினாத்தாளிற் கேட்பது வழக்கம். மாணவர் தயங்காது விடையெழுதுவர். அதன் பண்ணைக் காத்தளித்தவர் யார் என்று வினவுவார் அரியர்.

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர், பதிக இறுதியிலே திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்தார். அவருடன் யாழிசைத்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்திலே பாணரின் சுற்றத்தார், அவர் யாழினாலேயே பதிகத்தின் புகழ் பரந்தது என்றனர். பாணர் மனம் நொந்து வேண்ட, யாழிலடங்காப் பதிகமொன்றைப் பிள்ளையார் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். அதுவே யாழ்மூரி. இசையின் புகழ் எவருக்குரியது என்னும் வழக்கு எம்மவரிடையே அத்துணைப் பழமையானது.

பிற்காலத்திலே தேவாரப் பண்கள் மறைந்தபோது, நம்பியாண்டார் நம்பிக்கு அவற்றை உணர்த்தியவள் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த பாணர் மரபுப் பெண்ணொருத்தி. திருமுறைகண்ட புராணம் அவள் மரபைச் சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை. பாடியவர் பெயர் ஏட்டில் நின்றது. பண்ணைக் காத்தவள் பெயர் நிற்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டிலே சீகாழி அருணாசலக் கவிராயர் இயற்றிய இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு இசை வகுத்தவர்கள் அவர் மாணாக்கரான வேங்கடராமையரும் கோதண்டராமையரும் ஆவர். பின்வந்த பாடகர் பல பாடல்களின் இராகங்களை மாற்றினர்; அதனை எவரும் களவென்று கொள்ளவில்லை. சொல் புலவனுக்குரியது, இசை பாடுவோர்க்குப் பொது என்பதே அன்றைய கொள்கை எனலாம். தியாகராசரிடத்தோ (1767–1847) சொல்லும் இசையும் ஒருவருடையனவாய் ஒரே முத்திரையின்கீழ் நின்றன. எனினும் உமையாள்புரம், வாலாஜாப்பேட்டை, தில்லைஸ்தானம் ஆகிய மாணாக்கர் பரம்பரைகள் ஒரே கீர்த்தனையை வெவ்வேறு பாடமாகப் பாடின.

1904ஆம் ஆண்டு சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ சுரக்குறிப்புடன் அச்சேறியது. இசைத்தட்டும் பரவியது. காற்றோடு கலந்த இசை, தாளிலும் தட்டிலும் நிலைபெற்றது. நிலைபெற்ற பொருளுக்கு உரிமை பேசுதல் எளிதாயிற்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனுக்கு மட்டுமன்றி, பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் உரிமை வழங்குகிறது. பாணரின் சுற்றத்தார் எழுப்பிய வினாவைச் சட்டமும் ஒருவாறு ஏற்றுக்கொண்டது எனலாம்.

ஆயினும் மறைந்த பெயரைச் சட்டம் மீட்டுத் தராது. எம்மூர்க் கோயிலிலே பஞ்சபுராணம் ஓதும் மாணவன், அப்பண்ணைத் தன் செவிவழிப் பெற்றவன். தனக்குக் கற்பித்தவரின் பெயரையாயினும் அவன் மறவாது சொல்வானாக. பெயர் மறைந்த அப்பாணர் குலமகளுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.