மொழித் தோற்றக் கோட்பாடுகளும் கோப்பாய் வட்டாரமும்

மனிதன் எப்போது, எப்படிப் பேசத் தொடங்கினான் என்ற கேள்விக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளே மொழித் தோற்றக் கோட்பாடுகள். எலும்பும் கற்கருவியும் மண்ணுக்குள் கிடைக்கின்றன. எழுத்துக்கு முந்திய பேச்சு எந்தத் தடயத்தையும் விட்டுப் போகவில்லை. ஆகவே இத்துறையில் ஊகத்துக்கு எப்போதும் பெரிய இடம் இருந்துவந்திருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கேள்வி தமிழின் தொன்மை பற்றிய ஆராய்ச்சியோடு சேர்ந்தே வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியை ஒட்டியுள்ள நல்லூர், கோப்பாய், சிறுப்பிட்டி, அச்சுவேலி ஆகிய ஊர்கள் அந்த வரலாற்றில் இடம்பெறும் அறிஞர்களைத் தந்தன.

பழைய சோதனைகள்

எகிப்திய மன்னன் சாமெட்டிக்கசு இரண்டு குழந்தைகளை யாரும் பேசிக் கேட்காதபடி வளர்க்கச் செய்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு எழுதியுள்ளார். அக்குழந்தைகள் முதலில் சொன்ன சொல் பிரிகியர் மொழியில் ரொட்டியைக் குறித்ததாம். அதனால் பிரிகிய மொழியே மூத்தது என மன்னன் முடிவு செய்தான். 16ஆம் நூற்றாண்டில் முகலாயப் பேரரசர் அக்பரும் குழந்தைகளைப் பேச்சொலி எட்டாத மாளிகையில் வளர்த்துப் பார்த்தார். அவர்கள் எந்த மொழியும் பேசவில்லை; ஊமைகளாகவே வளர்ந்தார்கள். கொடிய சோதனைதான். ஆனாலும் பேச்சு தானாக ஊறி வருவதன்று, மனிதரோடு பழகியே வருவது என்பதை அது காட்டியது.

தமிழ் மரபில் இரு நோக்குகள்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவின் காரணம் பார்த்தவுடன் விளங்குவதில்லை என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறுகிறது. காரணம் உண்டு, ஆனால் மறைந்திருக்கிறது என்ற இந்த நிதானமான நிலைப்பாடு பிற்கால வேர்ச்சொல் ஆய்வாளர்களுக்கு ஊக்கம் தந்தது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1892இல் சொல்லதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். ஏட்டுச்சுவடியில் கிடந்த இலக்கணச் சிந்தனை அதனால் பலர் கைக்கு எட்டியது.

மற்றொன்று சமய நோக்கு. சிவபெருமான் வடமொழியைப் பாணினிக்கும் தென்மொழியை அகத்தியருக்கும் அருளினார் என்பது சைவர் வழக்கு. கோப்பாயின் ஒரு பகுதியான வடகோவையில் பிறந்த சபாபதி நாவலர் (இறப்பு 1903) இந்த மரபில் வந்தவர். சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர் நிறுவிய பாடசாலையில் பணியாற்றி, திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவைப் பெற்ற அவர், 1899இல் ‘திராவிடப் பிரகாசிகை’யை எழுதினார். அதன் முதற்பகுதியே தமிழின் தொன்மை பற்றியது. இலக்கணம், இலக்கியம், சாத்திரம் ஆகியவற்றின் மரபு அதைத் தொடர்ந்து வருகிறது.

ஐரோப்பாவில் எழுந்த விவாதம்

மொழி இறைவன் தந்ததன்று, மனித அறிவே ஆக்கியது என்று 1772இல் வெளிவந்த நூலில் செருமானியச் சிந்தனையாளர் எர்டர் வாதிட்டார். 1861இல் மொழிநூலறிஞர் மாக்ஸ் முல்லர் அக்கால ஊகங்களைப் பிரித்துக் காட்டினார். விலங்கு, பறவைகளின் குரலைப் போலச் செய்ததால் சொல் பிறந்தது என்பது ஒன்று. வலி, வியப்பு போன்றவற்றில் எழும் கூவல்களிலிருந்து பிறந்தது என்பது மற்றொன்று. தமிழில் ‘காக்கை’, ‘சலசல’ போன்றவை முதற்கோட்பாட்டுக்குப் பொருந்தும். ‘கல்’, ‘நேற்று’, ‘ஏனெனில்’ என்று வந்தால் அது நின்றுவிடுகிறது. ஆதாரமற்ற ஊகங்கள் பெருகவே, 1866இல் பாரிஸ் மொழியியல் கழகம் மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று தன் விதிகளிலேயே எழுதிவைத்தது.

ஞானப்பிரகாசரின் சுட்டொலிக் கொள்கை

குடாநாட்டில் இக்கேள்வியை மொழிநூல் வழியில் தொடர்ந்து ஆராய்ந்தவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947). மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்து, அச்சுவேலியில் வளர்ந்து, புகையிரதப் பகுதியில் எழுதுநராக இருந்தவர். 1901இல் கத்தோலிக்கக் குருவானார். தமிழ்ச் சொற்கள், இடத்தையும் திசையையும் சுட்டிக் காட்டிய ஒருசில உயிரொலிகளிலிருந்து கிளைத்தவை என்பது அவர் கொள்கை. முதல் மனிதன் கையால் காட்டியதையே வாயாலும் காட்டினான். அருகு, தொலைவு, மேல், கீழ் என்ற இடக்கருத்துகள் விரிந்து பிற கருத்துகளாயின என்று அவர் கருதினார். இந்த அடிப்படையில் 1938 முதல் ‘சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி’யைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். இந்தோ ஐரோப்பியச் சொற்களையும் அதில் தமிழோடு ஒப்பிட்டார். பணி முடியுமுன் மறைந்தார்.

தும்பளையில் பிறந்த தாவீது அடிகள் அந்த அகராதிப் பணியைத் தொடர்ந்தார். 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் அவர் உயிர் பிரிந்தது என்று சொல்லப்படுகிறது. தமிழகத்தில் ஞா. தேவநேயப் பாவாணர் சுட்டொலிக் கொள்கையை மேலும் நீட்டி, தமிழே உலக முதற்றாய்மொழி என்று வாதிட்டார்.

இன்றைய மதிப்பீடு

பாவாணரின் அந்த இறுதி முடிவை வரலாற்று மொழியியல் ஏற்பதில்லை. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு திராவிட மொழிக் குடும்பத்தின் வயதை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. நம் மனித இனமோ ஏறத்தாழ 3,00,000 ஆண்டுப் பழமை உடையது. சொற்களை ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போகும் முறை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் பயன்படாது. ஆகவே இன்று வழங்கும் எந்த மொழியையும் முதல் மொழி என்று நிறுவ இயலாது.

ஆனால் சுட்டலில் தொடங்கிய ஞானப்பிரகாசரின் பார்வை வீணாகவில்லை. குழந்தைகள் ஒரு வயதை ஒட்டி விரலால் சுட்டத் தொடங்குவதையும், மனிதக் குரங்குகள் தமக்குள் அவ்வாறு சுட்டிக் காட்டுவது மிக அரிது என்பதையும் கொண்டு, மொழியின் வேர் கைச்சைகையில் இருக்கிறது என்று உளவியலாளர் மைக்கேல் டொமசெல்லோ 2008இல் எழுதினார். சுட்டுச் சொற்கள் பிற சொற்களிலிருந்து பிறந்ததற்குச் சான்று கிடைப்பதில்லை; அவை மொழியின் மிகப் பழைய அடுக்கைச் சேர்ந்தவை என்பது மொழியியலாளர் ஓல்கர் டீசலின் கருத்து. கைச்சைகை முழு மொழியாக வளரக்கூடும் என்பதையும் காணலாம்: நிக்கராகுவாவில் 1970களின் பிற்பகுதியில் பள்ளிக்கூடத்தில் ஒன்றுசேர்ந்த காது கேளாத பிள்ளைகள் தமக்குள் ஒரு புதிய சைகைமொழியையே ஆக்கிக்கொண்டனர்.

சுட்டு பற்றிய இவ்வாய்வுக்கு யாழ்ப்பாணத் தமிழ் அரிய களம். தொல்காப்பியம் கூறும் அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளில் உகரம் தமிழகப் பேச்சில் வழக்கொழிந்தது. கோப்பாயில் இன்றும் எதிரில் நிற்பவரிடம் ‘உங்கை என்ன செய்யிறியள்?’ என்று கேட்கிறார்கள். அவர் கையிலுள்ளது ‘உது’, தம் கையிலுள்ளது ‘இது’, இருவருக்கும் எட்ட இருப்பது ‘அது’. இந்த மூன்றையும் இங்குள்ள குழந்தைகள் எந்த வயதில், எந்த வரிசையில், எந்தச் சைகையோடு சேர்த்துக் கற்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்வது, ஞானப்பிரகாசர் எழுப்பிய கேள்வியை நேரடிச் சான்றுகளோடு மேலே கொண்டுசெல்லும்.