பத்துமலையின் மூத்த குடி: ஒரு குகைச் சிலந்தி பெயர் பெற்ற வரலாறு

ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ராஜூலா கப்பல் மலாயாவுக்குப் போய்வந்தது. நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. அதிலும் அதற்கு முந்தைய கப்பல்களிலும் போன தமிழர்கள் கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் குன்றைத் தங்கள் கோவிலாக்கிக்கொண்டார்கள். 1891இல் கா. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலைக் குகையில் முருகன் எழுந்தருளினார். மறு ஆண்டு தைப்பூசம் தொடங்கியது. ஆனால் அந்தக் குன்றின் இருட்டில் அதற்கும் வெகுகாலம் முன்பே குடியிருந்த ஓர் உயிர், அறிவியலின் பதிவேட்டில் இடம்பெற 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பெயர் லிபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ்.

இந்தக் கதையின் முதல் ஏடு பினாங்கில் திறக்கிறது. 1849இல் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஷியோட்டே, அங்கே கிடைத்த விசித்திரமான சிலந்தி ஒன்றை லிபிஸ்டியஸ் டெசல்டர் என்று விவரித்தார். மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழப்பான பை போல இருக்கும். இதன் வயிற்றின் மேலோ, வரிசையாகத் தகடுகள். நூல் நூற்கும் உறுப்புகளும் வாலருகே இல்லாமல் அடிவயிற்றின் நடுவில் இருந்தன. சிலந்திகளின் முன்னோர்கள் கண்டம் கண்டமான உடல் கொண்டவை என்பதற்கு உயிருள்ள சான்று இது. பிரான்சின் மோன்சோ நிலக்கரிப் படுகையில் கிடைத்த, சுமார் 30 கோடி ஆண்டு பழைமையான புதைபடிவம் ஒன்றையும் இந்தச் சிலந்தி அடங்கும் தொல்பிரிவில்தான் பால் செல்டன் 1996இல் சேர்த்தார். இன்று உலகில் 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தத் தொல்பிரிவின் வாரிசுகள் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. இந்தியாவில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

பத்துமலைக் குகைகளை 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். 1890களின் இறுதியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அங்கே உயிரினங்களைத் தேடினார். சிலந்தியைப் புதிய இனமாக விவரித்தவர் எச். சி. ஆபிரகாம். லண்டன் விலங்கியல் கழகத்தின் 1923ஆம் ஆண்டு வெளியீட்டில் வந்த அவர் கட்டுரையின் சிறப்பு, உடல் அளவுகளோடு நின்றுவிடாமல் சிலந்தியின் பழக்கவழக்கங்களையும் பதிவுசெய்ததுதான். செத்த மாதிரிகளை மேசையில் வைத்துப் பெயரிடுவதே பெருவழக்காக இருந்த காலம் அது.

அந்தப் பழக்கவழக்கம் வியப்பூட்டுவது. குகைச் சுவரில் பட்டுநூலால் குழல்போன்ற வீடு கட்டி, அதன்மேல் மண்ணையும் துகள்களையும் அப்பிச் சுவரோடு சுவராக மறைத்துவிடும். பெரும்பாலும் இரண்டு வாசல்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூடுகதவு. வாசலிலிருந்து சில நூல்கள் விசிறியாக வெளியே ஓடும். இருட்டில் கதவுக்குப் பின்னால் நூல்களின் அடியில் கால் வைத்துச் சிலந்தி காத்திருக்கும். காசிமேட்டு மீனவர் கைத்தூண்டில் நரம்பை விரலில் பிடித்து மீனின் இழுப்பை அறிவதுபோல, நூலில் இடறும் பூச்சியின் அதிர்வை அது காலால் அறிகிறது. வௌவால் எச்சத்தை நம்பி வாழும் பூச்சிகள், அவற்றை உண்ணும் சிலந்தி என்று இருட்டுக் குகையின் உணவுச் சங்கிலி நீள்கிறது.

1929இல் செட்ரிக் டோவர் பதிப்பித்த பத்துமலை விலங்கினத் தொகுப்பு, ஒரே குகையை முழு உலகமாகப் பார்த்த முன்னோடி முயற்சி. இங்கிலாந்தின் பிரிஸ்டோ பல ஆண்டுகள் இந்தச் சிலந்திக் குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1984இல் நார்மன் பிளாட்னிக்கும் வால்டர் செட்ஜ்விக்கும் லிபிஸ்டியஸ் பேரினம் முழுவதையும் சீர்தூக்கி எழுதினார்கள். மேலுக்கு ஒன்றுபோலத் தெரியும் இனங்களை ஆண், பெண் இனப்பெருக்க உறுப்புகளின் நுண்ணமைப்பைக் கொண்டுதான் பிரிக்க முடியும். அந்த அடிப்படையை அவர்கள் உறுதியாக நிறுவினார்கள். தொல்பிரிவுச் சிலந்திகளுக்கு நச்சுச் சுரப்பி இல்லை என்று சிலர் சொல்லிவந்ததையும், லிபிஸ்டியஸில் அது உண்டு என்று காட்டி, 2010இல் ஃபீலிக்ஸும் எர்பும் மறுத்தார்கள்.

பெயரிடுவது ஏட்டுவேலை என்று நினைப்பவர்கள் சுண்ணாம்புக் கல்லின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்துமலையிலேயே கல்லுடைப்பு நெடுங்காலம் நடந்தது. இயற்கை ஆர்வலர்களின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு 1980 வாக்கில்தான் நின்றது. பேராக் மாநிலத்தின் குனோங் கந்தான் குன்றில் இந்தப் போராட்டம் இன்னும் கூர்மையானது. அங்குள்ள ஒரு குகையில் கிடைத்த சிலந்தியை 1997இல் பிளாட்னிக் லிபிஸ்டியஸ் கந்தான் என்று விவரித்தார். அதே குன்றை லஃபார்ஜ் சிமென்ட் நிறுவனம் குடைந்துகொண்டிருந்தது. பெயர் இருந்ததால்தான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அந்தச் சிலந்தி மிக அருகிய இனமாக ஏறியது, குவாரி விவாதத்தில் ஒரு தரப்பாகவும் ஆனது. 2014இல் அதே குன்றிலிருந்து ஒரு பல்லி இனமும் ஒரு நத்தை இனமும் புதிதாக விவரிக்கப்பட்டன. அந்த நத்தைக்கு அறிஞர்கள் வைத்த பெயர் கரோபா லஃபார்ஜை. ஓர் உயிரின் வாழ்வும் அழிவும் யார் கையில் இருந்ததோ, அந்த நிறுவனத்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். அறிவியல் நாகரிகத்துக்குள் நின்றுகொண்டே எழுப்பிய உரத்த குரல் அது.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறும் பெருங்கூட்டம், இந்தச் சிலந்தி வாழும் இருட்டுக் குகையின் வாயிலைக் கடந்துதான் மேலே போகிறது. காவடி எடுப்பவர்களின் பாட்டன், பூட்டன் பலர் நம் கடற்கரையில் கப்பலேறியவர்கள். தாங்கள் வணங்கும் குன்றைத் தங்களுக்கு முன்பே வீடாகக் கொண்ட இந்த உயிரைப் பற்றிக் கோவில் தலவரலாற்றுப் பலகையில் நான்கு வரி தமிழில் எழுதி வைப்பதற்கு, 1923ஆம் ஆண்டுக் கட்டுரையே போதுமான ஆதாரம்.