ஒரே ஒரு குழந்தைக்காக எழுதிய நோட்டுப் புத்தகங்கள்

சென்ற டிசம்பரில் உடன் பணிபுரியும் பேராசிரியர் ஒருவர் துறை அறையில் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். அவருடைய தங்கை மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும். "பொம்மை வேண்டாம், வீட்டில் கால்வைக்க இடமில்லை. துணியும் வேண்டாம், போன வருஷத்துத் துணியே பிரிக்காமல் கிடக்கிறது என்று தங்கை சொல்லிவிட்டாள். வேறு என்னதான் சார் கொடுப்பது?" என்றார். தமிழாசிரியன் வேறென்ன சொல்வேன்? புத்தகம் என்றேன். "மூன்று வயதுக்கு எந்தப் புத்தகம் சார்?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பியபோதுதான், இதே கேள்வியோடு ஒரு மருத்துவர் 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் கடைத்தெருவில் அலைந்த கதை நினைவுக்கு வந்தது. அவருடைய மகனுக்கும் மூன்று வயதுதான்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு சிறு பின்னணி. குழந்தைகளுக்கென்றே நூல் அச்சிட்டு விற்பது ஐரோப்பாவில் ஒரு தொழிலாக வேரூன்றியது 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி 1744-இல் ஒரு சின்னஞ்சிறு சட்டைப்பை நூலை வெளியிட்டார். நூல் மட்டும் ஆறு பென்ஸ். ஆண்பிள்ளைக்கு ஒரு பந்தோ பெண்பிள்ளைக்கு ஒரு குண்டூசி மெத்தையோ சேர்த்து வாங்கினால் எட்டு பென்ஸ். பொம்மையின் துணையில்லாமல் புத்தகம் குழந்தையிடம் போய்ச்சேராது என்று அந்த வியாபாரி நினைத்திருக்கிறார். தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்துமஸ், தெருக்களில் கூடிக் கொண்டாடும் விழா என்ற நிலையிலிருந்து வீட்டுக்குள் குழந்தைகளைச் சுற்றி நடக்கும் விழாவாக மாறியபோது, கடையில் வாங்கித் தரும் பரிசுகளில் புத்தகமே முன்வரிசையில் நின்றது. கலைமான் பூட்டிய வண்டியில் சான்டா கிளாஸ் வரும் படம் முதன்முதலில் அச்சேறியது, நியூயார்க்கில் 1821-இல் வெளிவந்த ஒரு குழந்தை நூலில்தான்.

ஆக, 1844-இல் பிராங்க்பர்ட் கடைகளில் குழந்தை நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற அந்த மருத்துவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. சில நூல்களில் நீண்ட கதைகள். சிலவற்றில், நல்ல பிள்ளை பொய் சொல்லாது, நல்ல பிள்ளை அழுக்காக இராது என்ற உபதேசங்கள். படநூல் என்று எடுத்தால் நாற்காலி, குதிரை, பறவை, பாத்திரம் ஆகியவற்றின் படங்கள். பக்கத்திலேயே அவை உண்மையான அளவில் பாதியா, மூன்றில் ஒன்றா, பத்தில் ஒன்றா என்ற குறிப்பு. மூன்று வயதுக் குழந்தைக்கு விகிதக் கணக்கு எதற்கு என்று அவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் அலுத்துக்கொள்கிறார். கடைசியில் ஒன்றும் எழுதாத வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். பையனுக்கான புத்தகம் இதுதான் என்று மனைவியிடம் காட்டினார்.

அவர் ஓவியர் அல்லர். ஆனால் தொழிலில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். அக்காலத்தில் மருத்துவரைக் கண்டாலே குழந்தைகள் அலறும். அழுகிற குழந்தையின் நாடியையும் மூச்சையும் எப்படிப் பார்ப்பது? ஹாஃப்மன் பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து ஏதாவது கிறுக்கிக்கொண்டே வாயால் கதை சொல்வார். குழந்தை வேடிக்கை பார்க்கிற நேரத்தில் தன் வேலையை முடித்துக்கொள்வார். அப்படிப் படுக்கையருகே பிறந்த படங்களும் பாட்டுகளும்தாம் அந்த நோட்டுக்குள் போயின. இறுதியில் ஒரு பக்கம் மிஞ்சியது. தலைமுடியும் நகமும் வெட்டிக்கொள்ளாத பரட்டைத் தலைப் பையன் ஒருவனை அதில் வரைந்து நிரப்பினார். கிறிஸ்துமஸ் அன்று நோட்டு, மகன் கார்லின் கைக்குப் போயிற்று.

அதைப் பார்த்த நண்பர்கள் அச்சிட வற்புறுத்தினார்கள்; அவர்களில் ஒருவர் பதிப்பாளர். 1845-இல் 1,500 படிகள் அச்சாகிச் சில வாரங்களிலேயே விற்றுத் தீர்ந்தன. சில பதிப்புகளுக்குப் பின், கடைசிப் பக்கத்துப் பரட்டைத் தலையன் முதல் பக்கத்துக்கு வந்து, நூலுக்கே தன் பெயரைக் கொடுத்தான். இன்று உலகம் அறிந்த 'ஷ்ட்ருவல்பீட்டர்' அதுதான். அச்சாகும்போது ஹாஃப்மன் பதிப்பாளரிடம் வைத்த வேண்டுகோள்தான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி: விலை மலிவாக இருக்கட்டும், கட்டடம் ரொம்பக் கெட்டியாக வேண்டாம், குழந்தை நூல்கள் படிக்கப்படுவதற்கு மட்டுமல்ல, கிழிக்கப்படுவதற்கும் உரியவை என்றாராம். இன்று கிழியாத அட்டை, நனையாத தாள் என்று விளம்பரம் செய்து விற்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. உபதேச நூல்களை வெறுத்து எழுதப்பட்ட இந்நூலில் விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையற்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறான். தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். சூப் குடிக்க மறுத்தவன் ஐந்தாம் நாள் கல்லறைக்குப் போகிறான். உபதேச நூல்களை மிகைப்படுத்தி நையாண்டி செய்திருக்கிறார் என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனாலும் என் நண்பரின் தங்கை மகளுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. அந்தத் தந்தைக்குத் தன் மகன் எதற்குச் சிரிப்பான், எதற்கு மிரள்வான் என்பது தெரிந்திருந்தது. முன்பின் தெரியாத குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

இந்த நூலுக்கு இன்னொரு கிறிஸ்துமஸும் உண்டு. பண நெருக்கடியால் அமெரிக்க வீட்டைப் பூட்டிவிட்டு 1891-இல் ஐரோப்பாவுக்குக் குடும்பத்தோடு வந்த மார்க் ட்வைன், பெர்லினில் இருந்தபோது இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அச்சிட்டு நாலு காசு பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தது; அது கைகூடவில்லை. கையெழுத்துப் படியை அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று மகள்களுக்குப் பரிசாகக் கொடுத்து, தாமே உரக்கப் படித்தும் காட்டினார். அம்மொழிபெயர்ப்பு அச்சேறியது 1935-இல், அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு.

நன்னூல் பாயிரம் கற்பிக்கும்போது சிறப்புப் பாயிரத்தின் எட்டுச் செய்திகளில் 'கேட்போர்' என்று ஒன்று வரும். நூல் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை நூலின் முகப்பிலேயே சொல்லவேண்டும் என்பது விதி. நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தை பாட்டுடைத் தலைமை பெறுகிறது. ஆனால் கேட்போர் வரிசையில் பெரியவர்களே அமர்ந்திருப்பார்கள். கேட்போர் ஒரே ஒரு குழந்தை என்று அமைந்த நூல்கள் எந்த மொழியிலும் அரியவை. அவற்றில் பெரும்புகழ் பெற்ற ஒன்றும் கிறிஸ்துமஸ் பரிசாகவே கைமாறியது.

1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன், அவருடைய நண்பர் ஒருவர், கல்லூரித் தலைவரின் மகள்கள் மூவர் என ஐவர் படகில் போனார்கள். வழிநெடுகச் சொன்ன கதையை எழுதித் தரச்சொல்லி நடுமகள் ஆலிஸ் லிடல் கேட்டாள். அவளுக்கு வயது பத்து. டாட்ஜ்சன் மறுநாளே ரயிலில் குறிப்புகள் எழுதினார். ஆனால் நோட்டு முடிந்து ஆலிஸின் கைக்குப் போனது 1864 நவம்பர் 26-இல். இரண்டரை ஆண்டு நெருங்கிவிட்டது. 90 பக்கங்கள், அச்சு எழுத்தைப் போன்ற நிதானமான கையெழுத்து, 37 படங்கள், எல்லாம் அவரே வரைந்தவை. முன்பக்கத்தில் இது கிறிஸ்துமஸ் பரிசு என்றும் ஒரு கோடை நாளின் நினைவு என்றும் எழுதியிருந்தார்.

இடையில் ஒன்று நிகழ்ந்திருந்தது. 1863 கோடையில் அவருக்கும் அக்குடும்பத்துக்கும் உறவு முறிந்துபோயிற்று. அந்த நாள்களுக்குரிய நாட்குறிப்புப் பக்கம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. முறிந்தபின்னும் அவர் படங்களை வரைந்து முடித்திருக்கிறார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. பரிசு போய்ச்சேர்ந்தபோது ஆலிஸுக்குப் பன்னிரண்டு வயது. படகில் இருந்த சிறுமி அல்லள் அவள். கடைசிப் பக்கத்தில் டாட்ஜ்சன் அவளுடைய முகத்தை வரைந்து, திருப்தியில்லாமல், அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது தாம் எடுத்த புகைப்படத்தை அதன்மேல் ஒட்டினார். அடியில் ஓவியம் இருப்பதை 1977-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

அதே கதை ஏறத்தாழ இருமடங்காக விரிந்து, ஜான் டென்னியலின் படங்களோடு, லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865-இல் நூலாயிற்று. சிரிக்கும் செஷயர் பூனையும் பைத்தியக்கார தேநீர் விருந்தும் அப்போது சேர்ந்தவை. ஆலிஸின் நோட்டில் அவை இல்லை. 1885-இல், இப்போது ஹார்கிரீவ்ஸ் சீமாட்டியாகிவிட்ட ஆலிஸுக்கு டாட்ஜ்சன் கடிதம் எழுதினார்: அந்த நோட்டைக் கொஞ்சம் இரவல் தரமுடியுமா? படியெடுத்து அப்படியே அச்சிட விரும்புகிறேன். அவர் கொடுத்தார். 1886 டிசம்பரில் அது வெளிவந்தது.

ஆலிஸின் மூன்று மகன்களில் இருவர் முதல் உலகப் போரில் மாண்டார்கள். கணவர் 1926-இல் இறந்தார். சொத்துக்கான வரிச்சுமையும் பெரிய வீட்டைப் பராமரிக்கும் செலவும் நெருக்க, தம் 75-ஆம் வயதில், 1928 ஏப்ரலில், பன்னிரண்டு வயதில் பெற்ற கிறிஸ்துமஸ் பரிசை லண்டன் சோதபீஸ் ஏலத்துக்கு அனுப்பினார். அமெரிக்க நூல் வணிகர் ரோசன்பாக் 15,400 பவுனுக்கு எடுத்தார். பின்னர் கிராமபோன் கம்பெனி முதலாளி எல்ட்ரிட்ஜ் ஜான்சனிடம் போனது. அவர் இறந்தபின் 1946-இல் மறுபடி ஏலம். இம்முறை அமெரிக்க அன்பர்கள் சிலர் சேர்ந்து 50,000 டாலருக்கு வாங்கினார்கள். போரில் தன்னந்தனியாக ஹிட்லரை எதிர்த்து நின்ற பிரிட்டனுக்கு நன்றியாக, 1948 நவம்பரில் பிரிட்டிஷ் மியூசியத்திடம் ஒப்படைத்தார்கள். ஒரு சிறுமிக்கு அளித்த பரிசு ஒரு தேசத்துக்கு அளித்த பரிசாயிற்று. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆலிஸ் 1934-இலேயே காலமாகிவிட்டார்.

கொடுத்த பரிசை இரவல் கேட்பது டாட்ஜ்சனோடு முடியவில்லை. பியாட்ரிக்ஸ் பாட்டர், தமக்கு முன்பு ஆசிரியையாக இருந்தவரின் மகன் நோயுற்றுப் படுத்திருந்தபோது 1893-இல் முயல் கதை ஒன்றைப் படக் கடிதமாக எழுதி அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அதைத் திரும்ப வாங்கிப் பார்த்து விரித்தெழுதியதுதான் பீட்டர் ராபிட் கதை. பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். அதே கிறிஸ்துமஸுக்கு அப்பையனின் தங்கை ஃப்ரீடாவுக்கு ஒரு நோட்டு தயாராயிற்று. அவளுக்கும் உடல்நலமில்லை. அவளுக்கென்றே, வேறு யாரும் படித்திராத கதை என்று சொல்லி, பன்னிரண்டு நீர்வண்ணப் படங்களோடு பாட்டர் எழுதிக் கொடுத்தது குளோஸ்டர் நகரத் தையற்காரரின் கதை. நோயில் விழுந்த ஏழைத் தையற்காரருக்காக எலிகள் கிறிஸ்துமஸ் இரவில் மேயருடைய கல்யாணக் கோட்டைத் தைத்து முடிக்கின்றன. ஒரே ஒரு காஜா மட்டும் பட்டு நூல் தீர்ந்ததால் நின்றுபோகிறது. படுக்கையில் கிடக்கும் சிறுமிக்கு, படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு உதவி வருகிற கதை! இந்த நோட்டையும் இரவல் வாங்கித்தான் பாட்டர் 1902-இல் அச்சிட்டார். அது இப்போது அமெரிக்காவின் பிலடெல்பியா பொது நூலகத்தில் உள்ளது.

இரவல் கேட்காத ஒருவர் இருந்தார். 1920 டிசம்பரில் டோல்கீனின் மூத்த மகனுக்கு மூன்று வயது. (மூன்று வயதுக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன தொடர்போ!) வடதுருவத்திலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா எழுதியதாக ஒரு கடிதம் அவனுக்கு வந்தது. முதுமையாலும் குளிராலும் நடுங்கும் கையெழுத்து. உறையில் கையால் வரைந்த வடதுருவத் தபால்தலை. அடுத்த ஆண்டுகளில் தாத்தாவின் உதவிக்கு ஒரு வெண்கரடி வந்தது. அதன் எழுத்து தடித்த எழுத்து. குழந்தைகள் நால்வராயினர், ஒருவர் வளர்ந்து விலக, அடுத்தவருக்குக் கடிதம் தொடர்ந்தது. போர்க்காலக் கடிதங்களில் வடதுருவத்திலும் சரக்குத் தட்டுப்பாடு. கடைசிக் கடிதம் 1943-இல், பதினான்கு வயது மகள் பிரிசில்லாவுக்கு. இனி நீ காலுறை தொங்கவிட மாட்டாய் என்பதை அறிந்துகொண்டு தாத்தா விடைபெறுகிறார். இவற்றை நூலாக்க அவர் முயலவில்லை. அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1976-இல், மருமகள் பெய்லி தொகுத்தார்.

இவ்வளவையும் நண்பரிடம் ஒரு மாலை சொல்லி முடித்தபோது அவர், "எனக்கு யானை வரைந்தாலே எருமை மாதிரி வரும் சார்" என்றார். ஆனாலும் கோடு போடாத நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிப் போனார் என்று பிற்பாடு தெரிந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவரிடம் விசாரித்தேன். ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தாராம். யானைக்கு மட்டும் பச்சை கிரேயான் பூசிவிட்டாளாம்; இரண்டு பக்கம் கிழிந்து எங்கோ போயிற்றாம். மீதியை நாள்தோறும் இரவில் படிக்கச் சொல்கிறாள் என்றார்.