காப்பிரி என்ற சொல்

பத்தாம் வகுப்பில் ஒரு பையன் தன்னைவிடக் கறுத்த இன்னொருவனைக் "காப்பிலி" என்று கூப்பிட்டான். வகுப்பே சிரித்தது. கூப்பிட்டவன், அதே வாரம் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவன். அதுதான் என்னை உறுத்தியது.

கறுப்பின வரலாற்றை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இணையத்தில் தேடினேன். அமெரிக்காவில் கார்ட்டர் வூட்சன் 1926இல் ஒரு வாரமாகத் தொடங்கியது 1976இல் மாதமாயிற்று. பிரித்தானியாவில் 1987 முதல் ஒக்டோபர். பாடங்கள், படங்கள், வினாத்தாள்கள் என்று ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் நான் பார்த்தவை பெரும்பாலும் அட்லாண்டிக் கடலோடு நின்றுவிட்டன. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பாலையூற்றில் வாழும் காப்பிரிகளைப் பற்றி என் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவற்றில் ஒரு பக்கமும் அகப்படவில்லை.

1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற அதிகாரியிடம் சுமார் 500 ஹபஷிகள் இருந்ததாக எழுதுகிறார். பின்னர் போர்த்துக்கேயர் ஆப்பிரிக்கரை அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் அவர்களைக் கொண்டு கொழும்புக் கோட்டையில் வேலை வாங்கினர். கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்ற பெயர் விழுந்தது அதனால்தான். ஆங்கிலேயர் ஆப்பிரிக்கரைப் படைப்பிரிவில் சேர்த்தனர்; மலாய்ச் சிப்பாய்கள் நிறைந்த இலங்கை ரைபிள் படையிலும் அவர்கள் இருந்தனர். 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. புத்தளத்தில் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் சிறாம்பியடியில் இருக்கிறார்கள். அவர்களுடைய மாஞ்சா இசை இன்றும் கேட்கிறது. திருகோணமலையிலோ போர்த்துக்கேயப் பறங்கியரோடு கலந்து மணமுடித்தனர்.

மலாய்க்காரர் நம்மோடு தொழுதார்கள். காப்பிரிகள் பெரும்பாலும் கத்தோலிக்கர். போர்த்துக்கேயர் தம் அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். குஜராத்தின் சித்திகளோ முஸ்லிம்கள். ரத்தன்பூரில் பாவா கோர் தர்காவைப் போற்றுகிறார்கள். 1624இல் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை எழுப்பியபோது, தக்காணத்தில் அபிசீனிய அடிமையாக விற்கப்பட்டு வந்த மாலிக் அம்பர் ஆட்சியையே நடத்திக்கொண்டிருந்தார், 1626இல் மௌத்தானார். விற்றவர்களில் முஸ்லிம் வணிகரும் உண்டு. மீலாத் மேடைகளில் பிலாலின் பாங்கைப் பேசும் நாம் இதைப் பேசுவதில்லை.

சொல்லும் நம்மிடமிருந்து போனதே. கிழக்காபிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதவர்களை அரபு வணிகர் 'காஃபிர்' என்றனர். அதைப் போர்த்துக்கேயர் வாங்கி நிறத்துக்குப் பெயராக்கினர். தென்னாபிரிக்காவில் அது மிகக் கொடிய வசை. இங்கே அந்தச் சமூகத்தார் தம்மைத் தாமே அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வது வேறு, நம் வகுப்பில் சொல்லிச் சிரிப்பது வேறு.

மறுநாள் கரும்பலகையில் காஃப், அலிஃப், ஃபே, ரே என்று எழுதினேன். முதலில் கூட்டி வாசித்தவன் பரிசு வாங்கிய பையன்தான்.

"சேர், இது ஓதுற இடத்துல வாற சொல்லெல்லா?" என்றான்.

ஓமென்றேன். அந்தப் பாடவேளை முழுதும் அதற்கே போயிற்று.