திரைக்குள் திரை – 23: நாய் முகமூடி போட்ட இயக்குநர்

பாதியில் விரட்டப்பட்ட இயக்குநர்கள் வழக்குப் போடுவார்கள், பேட்டி கொடுப்பார்கள், சிலர் வாயை மூடிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். ரிச்சர்ட் ஸ்டான்லி தன் படத்திலேயே துணை நடிகராக வந்து நின்றார். அதுவும் நாய் முகமூடிக்குள்.

படம், 'தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ'. தனித் தீவில் ஒரு மருத்துவர் விலங்குகளை அறுத்துத் தைத்து மனிதர்களாக்கப் பார்க்கிறார் என்பது எச்.ஜி.வெல்ஸ் 1896இல் எழுதிய கதை. 1932இல் சார்ல்ஸ் லாட்டனும் 1977இல் பர்ட் லங்காஸ்டரும் மோரோவாக நடித்து முடித்துவிட்டார்கள். லாட்டன் நடித்ததை வெல்ஸுக்கே பிடிக்கவில்லை; பிரிட்டனில் தணிக்கைக்காரர்கள் அதைப் பல்லாண்டு உள்ளே விடவும் இல்லை. இரண்டு படங்களுமே நாவலுக்குத் துரோகம் செய்தன என்று நினைத்த ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 'ஹார்டுவேர்' என்ற சிறிய படத்தால் பெயர் வாங்கியிருந்தார். நான்கு ஆண்டுகள் திரைக்கதையோடு மல்லாடி, நியூ லைன் நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார்.

சிறிய படமாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும். மார்லன் பிராண்டோ மோரோவாக ஒப்புக்கொண்டதும் பட்ஜெட் வீங்கியது. 'பேட்மேன் ஃபாரெவர்' வெற்றியோடு வால் கில்மர் வந்தார். வந்தவர் கால்ஷீட்டில் 40 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னார். நாயகன் இல்லாமல் பாதி நாள் எப்படி ஓட்டுவது? அவரை இரண்டாவது வேடத்துக்கு மாற்றி, நாயகனாக ராப் மாரோவைப் போட்டார்கள்.

1995இல் ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கெய்ன்ஸ் அருகே மழைக்காட்டில் படப்பிடிப்பு தொடங்கியது. புயல் மழை ஒரு பக்கம். இயக்குநர் சொல்வது எதையும் கேட்காத கில்மர் மறுபக்கம். சில நாட்களிலேயே ஸ்டான்லிக்கு ஓலை வந்தது. ராப் மாரோ தன்னை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். நாயகி ஃபைரூசா பால்க் கோபத்தில் காரில் ஏறி, 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிட்னிக்கே போய்விட்டார். ஒப்பந்தத்தை மீறினால் சினிமா வாழ்க்கையே போய்விடும் என்று பயமுறுத்தித் திரும்ப அழைத்துவந்தார்கள்.

புதிதாக வந்தவர் ஜான் ஃபிராங்கன்ஹைமர். 1962இல் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' எடுத்த கெட்டிக்காரர்தான். ஆனால் இங்கே அவர் படம் எடுக்க வரவில்லை, தீயணைக்க வந்தார். அவரையும் பிராண்டோ சுற்றலில் விட்டார். முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, ஒரு காட்சியில் தலையில் ஐஸ் வாளி. இரண்டரை அடிகூட உயரமில்லாத நெல்சன் டி லா ரோசாவைப் பார்த்ததும் பிடித்துப்போய், தன் காட்சிகளிலெல்லாம் அவரும் வேண்டும், தன்னைப் போலவே உடுத்த வேண்டும் என்றார். வசனம் மனப்பாடம் செய்கிற வழக்கம் இல்லாததால் காதில் ஒரு சிறு கருவி. உதவியாளர் சொல்லச் சொல்ல அவர் பேசுவார்.

பிராண்டோவைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அந்த ஏப்ரலில்தான் அவர் மகள் ஷையேன் தற்கொலை செய்துகொண்டிருந்தார். கில்மரின் மனைவி விவாகரத்து கோரியதும் அதே ஆண்டில்தான்.

ஸ்டான்லி? ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டதாக நினைத்தவர்களை ஏமாற்றிவிட்டு அவர் காட்டுக்குள் தங்கிவிட்டார். துணை நடிகர்கள் சிலர் அவரைக் கண்டுபிடித்து, நாய் முகம் மாட்டி, விலங்கு மனிதர்களின் கூட்டத்தோடு செட்டுக்குள் நுழைத்தார்கள். ஃபிராங்கன்ஹைமர் முன்னாலேயே நடமாடினார், யாரும் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் 2014இல் டேவிட் கிரிகரி 'லாஸ்ட் சோல்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். வரைபடங்களை விரித்து வைத்து, தான் எடுக்க நினைத்த படத்தை ஸ்டான்லி விவரிக்கும்போது நமக்கும் ஆசை வந்துவிடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பிராண்டோவும் ஃபிராங்கன்ஹைமரும் அதற்குள் இறந்துவிட்டார்கள், கில்மர் அதில் பேசவில்லை. எடுக்கப்படாத படத்தில் எந்தக் குறையும் இருக்காது என்ற வசதியும் ஸ்டான்லிக்கு உண்டு. போரில் ஜெயித்தவன் வரலாறு எழுதுவான் என்பார்கள். இந்தப் படத்தின் வரலாற்றை எழுதியது தோற்றவர்.

கில்மர் தரப்பு 2021இல் 'வால்' ஆவணப்படத்தில் வந்தது. செட்டில் அவரே வீடியோ கேமராவில் பிடித்த காட்சிகள் அதில் இருக்கின்றன. ஊஞ்சல் வலையில் படுத்திருக்கும் பிராண்டோ, கொஞ்சம் ஆட்டிவிடச் சொல்கிறார். கேமராவை நிறுத்து என்று ஃபிராங்கன்ஹைமர் எரிந்து விழுகிறார். இரண்டு ஆவணப்படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

என் கணக்கில் முதல் குற்றவாளி நிறுவனம்தான். அனுபவமில்லாத இளைஞரிடம் 4 கோடி டாலர் படத்தைக் கொடுத்துவிட்டு, நட்சத்திரத்துக்கும் அவருக்கும் மோதல் வந்த நொடியில் நட்சத்திரத்தின் பக்கம் போய் நின்றார்கள். 1996 ஆகஸ்டில் வெளியான படம் போட்ட பணத்துக்கே திணறியது. பிராண்டோவுக்கு அந்த ஆண்டின் மோசமான துணை நடிகருக்கான 'ராஸி' விருது கிடைத்தது.

அதே 1996இல் பிரான்சில் ஒலிவியே அஸாயாஸ் 'இர்மா வெப்' எடுத்தார். பழைய மௌனப் படமொன்றை மறுபடி எடுக்கப்போய்த் திண்டாடும் இயக்குநரின் கதை அது, முழுக்கக் கற்பனை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.